ஆங்கிலச் சுருக்கப் பெயர்களை ஸ்பானிய மொழியில் எப்படி எழுதுவது?

கொழும்பில் இயங்கும் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்கு மாற்றுகையில், சுருக்கப் பெயர்களை அப்படியே விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் அப்படி விட முடியாது. சர்வதேச அமைப்புகள் பலவற்றுக்கு ஸ்பானியத்தில் நிலைபெற்ற பெயர் உண்டு. நம் பத்திரிகைகளில் அடிக்கடி காணும் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) அங்கே எஃப்.எம்.ஐ. ஆகிவிடும், உலக சுகாதார ஸ்தாபனம் ஓ.எம்.எஸ். ஆகிவிடும். யுனிசெஃப், நாசா போன்றவை மாறுவதில்லை.

நம்மவர்களை அதிகம் தடுமாற வைப்பது பால் வேறுபாடுதான். தமிழில் அஃறிணைப் பெயருக்கு ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. ஸ்பானியத்தில் அது உண்டு, சுருக்கப் பெயரும் தன் விரிவிலுள்ள தலைமைச் சொல்லின் பாலையே ஏற்கும். நிதியத்தைக் குறிக்கும் 'ஃபோண்டோ' ஆண்பால் என்பதால் ஆண்பாலுக்குரிய 'எல்' முன்னே வர 'எல் எஃப்.எம்.ஐ.' என்றும், அமைப்பைக் குறிக்கும் 'ஓர்கனிசாசியோன்' பெண்பால் என்பதால் பெண்பாலுக்குரிய 'லா' முன்னே வர 'லா ஓ.எம்.எஸ்.' என்றும் எழுத வேண்டும். (இங்கே நான் இட்டுள்ள புள்ளிகள் தமிழ் வழக்கு; ஸ்பானியத்தில் இத்தகைய சுருக்கங்களுக்குப் புள்ளி இடுவதில்லை.) பன்மைக்கு ஆங்கிலப் பழக்கத்தில் 'எஸ்' சேர்த்துவிடாதீர்கள், 'லாஸ் ஓ.என்.ஜி.' என்பதில் முன்னே வரும் 'லாஸ்' என்பதே அரச சார்பற்ற நிறுவனங்கள் பல என்பதைக் காட்டிவிடும். ஐக்கிய அமெரிக்காவுக்கான ('எஸ்தாதோஸ் உனிதோஸ்') சுருக்கத்தில் இ, யு என்ற எழுத்துகள் இரட்டிப்பதும் பன்மை கருதியே.

இலங்கை மத்திய வங்கி போன்ற உள்ளூர் நிறுவனங்களுக்குப் புதிய ஸ்பானியச் சுருக்கத்தை நாமே புனையக் கூடாது என்பது என் கருத்து. முதலில் வரும் இடத்தில் முழுப்பெயரை மொழிபெயர்த்து, அருகே ஆங்கிலச் சுருக்கத்தைத் தந்து, பின்னர் அதையே தொடருங்கள்.