சன்ரூஃப் ஒழுகுகிறதா? ரப்பரை விடுங்கள், குழாயைப் பாருங்கள்

வாகனப் பராமரிப்பு: கேள்வி – பதில்

2014-ல் வந்த ஹோண்டா சிட்டி, 2018-ல் புதுப்பிக்கப்பட்ட ஹூண்டாய் கிரெட்டா போன்றவற்றின் உயர் ரகங்களோடுதான் சன்ரூஃப் நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்கு வந்தது. அந்தக் காலத்து வண்டிகள் எல்லாம் இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஐப்பசி மழை நெருங்க, ஒழுகல் பற்றிய கேள்விகளும் குவிந்துவிட்டன.

பத்து வருடம் ஓடிய செடான் கார். மழைக்குப் பிறகு பிரேக் அடித்தால் முன்பக்க ரூஃப் லைட் ஓரமாகத் தண்ணீர் கொட்டுகிறது. இடதுபக்க முன் மேட்டும் ஈரம். சன்ரூஃப் ரப்பர் போய்விட்டது, கண்ணாடியோடு மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

அவசரப்படாதீர்கள். பிரேக் அடிக்கும்போது கொட்டுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கூரைக்குள் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. வண்டி முன்னால் சாயும்போது வழிகிறது.

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் மழையை முழுக்கத் தடுப்பதற்கானது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பெரும்பகுதியைத் தடுக்கும், அவ்வளவுதான். மிச்சம் உள்ளே கசியும் என்று தெரிந்தேதான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே நாலாபுறமும் ஒரு வாய்க்கால் உண்டு. மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்குவதுபோல, அதன் நான்கு மூலைகளிலிருந்தும் விரல் தடிமனில் டிரெயின் டியூப் இறங்கும். முன் இரண்டும் முன் கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக வந்து, முன் கதவுக் கீல் பக்கமோ முன் சக்கர வளைவிலோ வெளியே வரும். பின் இரண்டும் பின் தூண் வழியாகப் பின் சக்கர வளைவுக்கோ பம்பருக்கு உள்பக்கமோ போகும். உங்கள் வண்டியில் அநேகமாக முன் டியூப் அடைத்திருக்கிறது. ரப்பர் புதிதாகப் போட்டாலும் டியூப் அடைத்திருந்தால் ஒழுகும்.

சோதனை எளிது. சமதளத்தில் நிறுத்தி, சன்ரூஃபை முழுக்கத் திறந்து, வாய்க்காலின் முன் மூலையில் ஒரு டம்ளரில் 100 மி.லி. மட்டும் மெதுவாக ஊற்றுங்கள். எடுத்த எடுப்பில் ஒரு சொம்பு ஊற்றினால், அடைப்பு இருக்கும்பட்சத்தில் அத்தனையும் கூரை லைனிங்கில்தான் போய்ச் சேரும். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் வண்டிக்குக் கீழே பார்க்க வேண்டும். தேங்காமல் இறங்கிச் சக்கரத்துப் பக்கம் சொட்டினால் சரி. மற்ற மூலைகளோடு ஒப்பிட்டால் மந்தமான மூலை தானே தெரிந்துவிடும். பின் மூலைகள் சில வண்டிகளில் கைக்கு எட்டாது. அங்கே மெல்லிய குழாய் செருகிய சிரிஞ்சால் ஊற்றலாம்.

அடைப்பை எடுக்க, புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு போதும். 2 முதல் 2.5 மி.மீ. தடிமன், இரண்டரை மீட்டர் நீளம் வாங்குங்கள். முனையைத் தீக்குச்சியால் லேசாக உருக்கி மழுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது டியூபின் சுவரில் குத்தி நிற்கும். மேலிருந்து திருகித் திருகி இறக்குங்கள். இரும்புக் கம்பி, பைக் பிரேக் கேபிள் இரண்டும் வேண்டவே வேண்டாம்; பழைய டியூபைக் கிழித்துவிடும். தூணுக்குள் கிழிந்த டியூபை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

நரம்பு கடைசியில் வந்து முட்டினால், அது பெரும்பாலும் கீழ்முனையிலுள்ள ரப்பர் வாய். வாத்து அலகு போலப் பிளந்திருக்கும். சேறு அதிகம் அடைவது அங்கேதான். சக்கர வளைவின் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றி, அந்த வாயைக் கீழிருந்து விரலால் பிசைந்துவிட்டாலே கறுப்புச் சகதி கொட்டும். சிலர் அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். தண்ணீர் அருமையாகப் போகும். கூடவே குளவி உள்ளே போய் மண்கூடு கட்டும். வெட்டாதீர்கள்.

கடைசியாக, இரண்டு சொட்டு கார் ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை டியூபுக்கு அரை லிட்டர் வீதம் சிறுகச் சிறுக விட்டு அலசுங்கள். புளி, வேம்பு, தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்கள் இதை வருடம் இரண்டு முறை செய்ய வேண்டும். வடகிழக்கு மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே ஒரு முறை முடித்துவிடுவது நல்லது.

எங்கள் காரிலும் முன் இடதுபக்க மேட் நனைகிறது. ஆனால் மழையே இல்லையே?
– வாசகி, திருச்சி

ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு நனைந்தால் சன்ரூஃபை விட்டுவிடுங்கள். ஏ.சி.யின் குளிர்ந்த தண்ணீர் வெளியேறும் சின்னக் குழாய் அடைத்திருக்கும். அந்தத் தண்ணீர் தெளிவாகவும் சில்லென்றும் இருக்கும். கூரை வழி வரும் தண்ணீரில் தூசியும் மண் வாடையும் இருக்கும். மழையிலோ வாட்டர் வாஷிலோ கதவு ஓரமாக மட்டும் நனைந்தால், கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டியூப் நான்கையும் டயர் கடையில் ஏர் அடித்துச் சுத்தம் செய்தாயிற்று. அதற்குப் பிறகுதான் ஒழுகல் அதிகமாகியிருக்கிறது!
– வாசகர், மதுரை

ஏர் அடித்ததுதான் காரணம். டயர் கடை கம்ப்ரஸரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் இருக்கும். அடைத்த குழாயில் அதைச் செலுத்தினால் அடைப்பு நகர்வதற்கு முன்னால், வாய்க்கால் மூலையில் டியூப் மாட்டியிருக்கும் மூக்கிலிருந்து அது கழன்றுவிடும். இப்போது வாய்க்கால் தண்ணீர் நேராகத் தூணுக்குள் இறங்குகிறது. காற்றுதான் வேண்டும் என்றால் கீழ்முனையில் ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை வைத்து இழுங்கள், மேலிருந்து தள்ளாதீர்கள்.

கழன்றதை மாட்டத் தூண் மூடியை எடுக்க வேண்டும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டி என்றால், முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக்கும் டியூபும் ஒரே பாதையில்தான் ஓடுகின்றன. டியூபை ஏர்பேக்கோடு சேர்த்து டை போட்டுக் கட்டுவது உயிருக்கு உலை வைக்கும் வேலை. தூண் மூடியின் கிளிப்புகள் பல வண்டிகளில் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய டியூப் வெயிலில் வெந்து விறைத்திருந்தால் திரும்ப மாட்டினாலும் நிற்காது. ஒரு துண்டை வெட்டிக்கொண்டு கடைக்குப் போய், அதே உள்விட்டத்தில் நெகிழும் டியூப் வாங்கி, ஸ்பிரிங் கிளிப் போட்டு மாட்டுங்கள். மீன் தொட்டிக் காற்றுக் குழாயைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். அதன் உள்விட்டம் 4 மி.மீ.தான், ஒரு சருகு போதும் அடைக்க.

டியூப் சரியாக மாட்டியிருந்தும் ஒழுகினால் வாய்க்கால் சட்டமே பழுது. பிளாஸ்டிக் மூலையில் விரிசல் விழும், அல்லது அலுமினிய ரெயிலும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் பழைய பசை விட்டுப்போகும். இதற்குக் கூரை லைனிங்கை இறக்கியாக வேண்டும். சன் வைசர், கைப்பிடிகள், ரூஃப் லைட், தூண் மூடிகள் எல்லாம் கழன்ற பிறகு இரண்டு பேர் தாங்கி எடுக்க வேண்டும். ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்பு போகவே போகாது. விரிசலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முன் கண்ணாடி ஒட்டப் பயன்படும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் பூசி, 24 மணி நேரம் காயவிடுங்கள். எம்-சீல் வேண்டாம். அது கல்லாக இறுகிவிடும். கூரையோ வண்டி ஓடும்போது நெளிந்துகொடுக்கும். ஒரே மாதத்தில் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும்.

லைனிங்கை ஏற்றுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். இதைத் தவறவிட்டு இரண்டு முறை கூலி கொடுப்பவர்கள்தான் அதிகம்.

சன்ரூஃபை நாங்கள் திறப்பதே இல்லை. சுற்றிலும் சிலிக்கான் பூசி மூடிவிட்டால் என்ன? அல்லது தகடு வைத்து வெல்டிங்?
– வாசகர், நாகர்கோவில்

ஹார்டுவேர் கடைச் சிலிக்கான்களில் வினிகர் நெடி அடிப்பவை அமிலத்தை வெளிவிட்டு உலர்பவை. பெயின்ட் கீறிய இடத்தில் தகடு துருப்பிடிக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. அடுத்த கோடையில் ஒரு மூலை உரிந்து தண்ணீர் போகும். அதற்குள் டியூபும் தூர்ந்திருக்கும்.

நிரந்தரமாக மூடியே தீர வேண்டும் என்றால், மோட்டார் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, கண்ணாடி ஒட்டும் கடையில் பிரைமரும் பி.யு. சீலன்ட்டும் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். டியூபை அப்போதும் திறந்தே வைத்திருங்கள். வெல்டிங் யோசனையைக் கைவிடுங்கள். தீப்பொறி விழும் இடத்தில் லைனிங், வயரிங், ஏர்பேக் எல்லாம் இருக்கின்றன. கூரையை மாற்றியமைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்கீழ் சிக்கலையும் கொண்டுவரும்.

அப்படியானால் ரப்பரை எப்போதுதான் மாற்றுவது?
– வாசகி, கோவை

வெடித்திருந்தால், சுருங்கி மூலையில் இடைவெளி விட்டிருந்தால், நசுங்கியது எழும்பாமல் இருந்தால் மாற்றலாம். விசிட்டிங் கார்டு ஒன்றை விளிம்பில் வைத்துக் கண்ணாடியை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கினால், ரப்பருக்கு முன்னால் கண்ணாடியின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) திருகுகள் இருக்கும், பெரும்பாலும் டி-25 அளவு. கண்ணாடியின் முன் விளிம்பு கூரை மட்டத்திலோ 1 மி.மீ. வரை தாழ்ந்தோ, பின் விளிம்பு மட்டத்திலோ 1 மி.மீ. வரை உயர்ந்தோ இருப்பது பொதுவான கணக்கு. முன்பக்கம் தூக்கியிருந்தால் காற்று விசிலடிக்கும்.

பல மாடல்களில் ரப்பர் தனியாகக் கிடைக்காது, கண்ணாடியோடுதான் வரும். அதனால் இருப்பதைக் காப்பாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்து, மெல்லிய படலமாகச் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். தேங்காய் எண்ணெயும் செயின் கிரீஸும் ரப்பரை ஊதவைத்து மண்ணையும் பிடித்துவைக்கும்.

மொத்த செட்டையும் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாமா?
– வாசகர், சென்னை

வாங்கலாம். ஆனால் கண்ணாடியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மாடலும் வருடமும் பொருந்த வேண்டும். நான்கு டியூப் மூக்குகளும் உடையாமல் இருக்கின்றனவா என்று விரல் விட்டுப் பாருங்கள். விபத்து வண்டியிலிருந்து வெட்டி எடுத்ததில் முதலில் போவது இவைதான். மோட்டாரைக் கழற்றி, இரு பக்கக் கேபிளும் சமமாக நகர்கின்றனவா என்று கையால் தள்ளிப் பாருங்கள். ஒன்று முந்தினால் கண்ணாடி கோணலாக மூடும். மாட்டிய பிறகு மோட்டாருக்கு மூடும் நிலையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த முறை உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும்.

ஒழுகல் நின்றுவிட்டது. நாற்றம் நிற்கவில்லை.
– வாசகி, கடலூர்

கார்பெட் மேலே காய்ந்திருக்கும். அடியிலுள்ள பஞ்சில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, வேக்குவத்தால் உறிஞ்சி, அடியில் கட்டை கொடுத்து இரண்டு மூன்று நாள் ஃபேன் காற்று விடுங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். மற்ற கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சணம் போல உப்பு பூத்திருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியையும் தூக்கிப் பாருங்கள். பின் டியூப் ஒழுகிய வண்டிகளில் அந்தக் குழியில் ஒரு வாளித் தண்ணீர்கூட நிற்கும். அடியிலுள்ள ரப்பர் மூடியை எடுத்து வடித்துவிட்டு, மூடியை மறக்காமல் திரும்ப அடையுங்கள்.