மனச்சோர்வுக்கு ஏன் ஸ்கிசோஃப்ரீனியா மாத்திரை?

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தும் சரியாகவில்லை. இப்போது டாக்டர் அரிப்பிப்ரசோல் சேர்த்திருக்கிறார். கூகுளில் தேடினால் ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) மருந்து என்று வருகிறது. எனக்கு அந்த நோயா?

பதில்: அந்த மாத்திரையை மட்டும் வைத்து அப்படி நினைக்க வேண்டாம். சீட்டில் டோஸைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு 2 அல்லது 5 மி.கி.யில்தான் தொடங்குவார்கள். ஸ்கிசோஃப்ரீனியாவுக்குத் தொடக்கமே 10 மி.கி. இருக்கும். முதல் மாத்திரை போதிய பலன் தராதபோது அதனுடன் சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவில் 2007-லேயே அனுமதி உண்டு. சேர்த்துத்தான், தனியாக இல்லை. அதனால் பழைய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நானும் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையுடன் இதை எடுத்தவன். மனம் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட எழுந்து நடக்கத் தோன்றும். வீட்டில் படபடப்பு என்றார்கள். டாக்டர் கேட்டதுமே அகதீசியா, இந்த மாத்திரையின் பக்கவிளைவு என்றார். மனச்சோர்வுக்காக நடந்த ஆய்வுகளில் இதை எடுத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது வந்திருக்கிறது. டோஸைக் குறைத்ததும் எனக்கு அடங்கிவிட்டது. உங்களுக்கு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தத் தவிப்பிலேயே தற்கொலை எண்ணம் வருபவர்களும் உண்டு. அப்படி வந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

என் அத்தையின் கதை வேறு. பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டிருந்தபோதே, “வீட்டில் சல்லிக்காசு இல்லை, போலீஸ் வருகிறது” என்று சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். இந்த அளவு தீவிரமாகி, இல்லாததை நம்பத் தொடங்கிவிட்டால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது. அரிப்பிப்ரசோல் வகையைச் சேர்ந்த ஓலன்சபின், மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ரலின் இரண்டும் கொடுத்தார்கள். ஆள் மீண்டார், ஆனால் எடையும் ஏறியது. “எப்போது நிறுத்தலாம்?” என்று வீட்டில் நச்சரித்தோம். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லி டாக்டர் அவசரப்பட மறுத்தார்: இப்படிக் குணமானவர்களில் ஓலன்சபினைத் தொடர்ந்தவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் நோய் திரும்பியது; நிறுத்தியவர்களில் 55 சதவீதம்.

லேசான மனச்சோர்வு என்றால் சங்கதியே வேறு. அதற்கு மனச்சோர்வு மாத்திரையையே எடுத்த எடுப்பில் கொடுக்க வேண்டாம், பேச்சு சிகிச்சை போன்றவற்றைப் பாருங்கள் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி. தூக்கம் வரவில்லை என்று போனவருக்குச் சட்டென்று இதே வகை மருந்தான க்வெட்டியாபைன் எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்த முறை போகும்போது, எத்தனை வாரத்தில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நிறுத்திவிடுவீர்களா என்று கேளுங்கள். எடை, சுகர், கொலஸ்ட்ரால் இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். அப்புறம் ஏறினால் ஒப்பிட ஒரு கணக்கு வேண்டுமே.