அப்பா குடித்தால் பிள்ளைக்குப் பொறுமை ஏன் போகிறது?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. கணவர் தினமும் குடித்துவிட்டு வருகிறார். பையன் எதற்கும் காத்திருப்பதில்லை. தம்பி கையில் இருப்பதைப் பிடுங்குகிறான், வகுப்பில் அடிதடி. “அப்பன் ரத்தம்” என்கிறார் மாமியார். உண்மையா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரையைச் சேர்ந்தது. ஆனால் அது வாய்ப்பு மட்டுமே, தலையெழுத்து அல்ல. பையனின் அவசரத்துக்குக் காரணத்தை வீட்டு நடப்பில்தான் முதலில் தேட வேண்டும்.

அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. சின்னப் பிள்ளைகளிடம் “நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்” என்று சொல்லி, பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மீதிப் பேரை ஏமாற்றினார்கள். பிறகு ஒரு மிட்டாயை வைத்து, “சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்று” என்றார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான். காலையில் “சம்பளம் வந்ததும் சைக்கிள்” என்று சொன்ன அப்பா ராத்திரி அதை மறந்துவிடும் வீட்டில், கிடைத்ததை உடனே பிடுங்குவதுதான் பிள்ளைக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியும். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் “முதல் ரேங்க் வாங்கினால் சைக்கிள்” என்று நீங்களும் சொல்லாதீர்கள். அவன் நம்ப மாட்டான். அன்றைக்கே நிறைவேறும் சின்ன வாக்காகக் கொடுங்கள்: ஏழு மணிக்குத் தோசை என்றால் ஏழு மணிக்குத் தோசை. இரண்டு வாரம் தவறாமல் நடந்தபின் “நாளைக்கு”, அப்புறம் “ஞாயிற்றுக்கிழமை” என்று நீட்டுங்கள். முடியாமல் போகும் என்று தெரிந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கணவர் சார்பில் எந்த வாக்கும் வேண்டாம். தாயம், பல்லாங்குழி ஆடுங்கள். தன் முறை வரும்வரை காத்திருப்பது ஆட்டத்திலேயே பழகும்.

தூக்கத்தையும் கவனியுங்கள். 6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரமாவது வேண்டும். அப்பா வரும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை மறுநாள் எரிந்து விழத்தான் செய்வான். சண்டை நடக்கும் இரவுகளில் படுக்க ஆயா வீட்டையோ பக்கத்து வீட்டையோ முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்பாவைக் கூட்டிவரக் கடை வாசலுக்கு அவனை அனுப்பாதீர்கள். “அப்பாவுக்கு வந்திருப்பது நோய். அதற்கு நீ காரணம் இல்லை, அதை நிறுத்துவது உன் வேலையும் இல்லை” என்று பகலில், நிதானமாகச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் “இரவில் தூக்கமில்லை” என்றாவது சொல்லி வையுங்கள். பிள்ளைக்கு அடி விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாமா? – ஒரு வாசகி, தேனி

பதில்: வேண்டவே வேண்டாம். இதற்குப் பயன்படும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரும், உயிரே போகலாம். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய மாத்திரை அது. தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவதும் ஆபத்து: முதல் இரண்டு நாளில் வலிப்பு, அதையடுத்துப் பிதற்றல் வரக்கூடும். அவர் குடிக்காத காலை வேளையில் பேசி, அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் அரசின் மனநல உதவி எண் 14416இல் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.