புட்டி பூசி விற்ற லேத்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். பொழுதுபோக்குக்குக் கடைசல் வேலை செய்வேன். பேரப்பிள்ளைகளுக்குப் பம்பரம், வீட்டுக்கு மத்து, மரக்கிண்ணம், இப்படி. பிறையில் பழைய இயந்திரம் விற்கும் ஒரு கடையில் 3,600 ரிங்கிட்டுக்கு மர லேத் வாங்கினேன். "காஸ்டிங்கில் ஒரு குறையும் இல்லை" என்று, அதாவது வார்ப்பிரும்பு உடல் நன்றாக இருக்கிறது என்று, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பியிருந்தார். பத்தாம் நாள் ஹெட்ஸ்டாக்கில் பெயிண்ட் உதிர்ந்தது. உள்ளே புட்டி, அதற்குக் கீழே விரல் நீளத்துக்கு விரிசல். கேட்டால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதில் இருக்கிறதே" என்கிறார். 400 ரிங்கிட் கொடுத்து வெல்டிங் செய்துவிடலாமா?

பதில்: ஐயா, வெல்டிங் வேண்டாம். லேத்தை இனி ஓட்டவும் வேண்டாம். ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டையும் அதில் மாட்டும் கட்டையையும் தாங்குவதே ஹெட்ஸ்டாக்தான். விரிசல் விட்ட வார்ப்பிரும்பு எந்த நேரத்தில் உடையும் என்று சொல்ல முடியாது. வேகமாகச் சுற்றும் கட்டை கழன்றால் எதிரில் நிற்பவர் நீங்கள். சட்டப்படியும் வெல்டிங் உங்களுக்குப் பாதகம்தான். அதைச் செய்துவிட்டால், குறை முன்பே இருந்ததா, பட்டறையில் வந்ததா என்று கடைக்காரர் கேட்பார். வழக்கறிஞரான என்னிடம் வருகிறவர்களில் பலர் பழுது பார்த்து முடித்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை.

நீங்கள் வாங்கியது தொழிலாக இயந்திரம் விற்கும் கடையில். அதனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். பழைய பொருள் என்பதால் அந்தச் சட்டம் விலகிப் போவதில்லை. புதிய லேத்தின் தரத்தைப் பழையதில் எதிர்பார்க்க முடியாது, அது உண்மை. தேய்ந்த பெல்ட், சத்தம் போடும் பேரிங் என்றால் விலையைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் சட்டத்தின் 32ஆவது பிரிவு கேட்பது வேறு: மறைந்திருக்கும் குறை உட்பட எல்லாம் தெரிந்த ஒரு சராசரி மனிதர் இந்த லேத்தை ஏற்பாரா? புட்டிக்குக் கீழே விரிசல் இருப்பது தெரிந்து யார் 3,600 கொடுப்பார்கள்?

"நேரில் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றும் கடைக்காரர் சொல்லக்கூடும். 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. பார்த்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. பயனீட்டாளர் சட்டத்தில் அப்படி இல்லை. குறையை அவரே குறிப்பாக எடுத்துக்காட்டியிருந்தால்தான் தப்பலாம். உங்களுக்கு அவர் எடுத்துக்காட்டியது "ஒரு குறையும் இல்லை" என்ற வார்த்தையைத்தான். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 34ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தக் குரல் பதிவு உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். கைப்பேசி மாற்றும்போது அழிந்துவிடாமல் இன்றே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.

ரசீதில் உள்ள வரிக்குப் பயப்பட வேண்டாம். இந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது என்று 6ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். கடைந்த பொருளை விற்கிறீர்களா? சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வழக்கமாக வாங்கும் பொருளை வாங்குபவரே சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளர். லேத் தொழிற்சாலைச் சாமான் என்று கடைக்காரர் வாதாடலாம். வீட்டுக் கொட்டகையில் வைத்துக் கடையும் அளவு லேத்தைப் பொழுதுபோக்குக்கு வாங்குபவர்கள் ஏராளம், அதை எடுத்துச் சொல்லுங்கள். கோயில் திருவிழாவில் நாலு பம்பரம் விற்றிருந்தால் அதை மறைக்காதீர்கள். அதனால் நீங்கள் வியாபாரி ஆகிவிட மாட்டீர்கள் என்பது என் கருத்து. மறைத்துப் பிடிபட்டால்தான் உங்கள் பேச்சு எடுபடாது. மாதா மாதம் ஆர்டர் எடுத்துச் செய்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. அப்போது பொருள் விற்பனைச் சட்டத்தையும், பொய்த் தகவல் பற்றிப் பேசும் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தையும்தான் நம்ப வேண்டியிருக்கும். கடையில் இல்லாமல் தனி நபரிடம் வாங்கியவர்களுக்கும் இதே வழிதான். அப்படிப் போவதானால், உங்கள் தொகை 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டது என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகப் போடலாம்.

சரி, உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது ஒரு கடிதம். எந்தத் தேதியில் வாங்கினீர்கள், என்ன குறை, அதனால் பொருளை நிராகரிக்கிறீர்கள், முழுப் பணமும் வேண்டும் என்று எழுதி, பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தாமதம் கூடாது. நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். லேத்தை லாரி வைத்து நீங்கள் கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதில்லை. அளவு காரணமாக அதிகச் செலவு ஆகும் பொருளை விற்றவர் தன் செலவில் வந்து எடுத்துப்போக வேண்டும் என்று 45ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

14 நாள் தவணை கொடுங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், மலாயில் திரிபூனல் துந்துதான் பெங்குனா என்பார்களே, அங்கே முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கேட்பார்கள். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை, அதனால் எனக்கு நீங்கள் காசு கொடுக்கவும் தேவையில்லை. பெயிண்ட் உதிர்ந்த இடத்தைப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். உதிர்ந்த புட்டித் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ரசீதோடு சேர்த்து விசாரணைக்குக் கொண்டு போங்கள்.