கையெழுத்து மட்டும் என்னுடையது

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். திருமணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறேன். மகள் பத்தாம் வகுப்பும் மகன் ஏழாம் வகுப்பும் படிக்கிறார்கள். சம்பளம் என் பெயரிலுள்ள கணக்கில்தான் விழுகிறது. ஆனால் ஏடிஎம் அட்டை கணவரிடம் இருக்கிறது. வங்கியின் குறுஞ்செய்திகளும் அவருடைய கைபேசிக்கே போகின்றன. அவர் குடிப்பவர் அல்லர், வீண் செலவு செய்பவரும் அல்லர். வீட்டுக் கடன், கொழுந்தனார் தொழிலுக்கு வாங்கிய கடன், பிள்ளைகள் பெயரில் போடும் சேமிப்பு என எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார். பென்சிலால் குறி போட்டிருக்கும் இடங்களில் நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அண்மையில் உடன் பணிபுரியும் தோழியின் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். அவர் எங்கே என்ன வைத்திருந்தார் என்று தெரியாமல் அவள் அலைவதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. கணவரிடம் கேட்டால், "உனக்கெதற்கு அந்தக் கவலை, நான் இருக்கிறேன் அல்லவா" என்கிறார். மேலும் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்று தயங்குகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வேண்டாம்,
கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்பது சந்தேகம் ஆகாது. ஊசி போடுவதற்கு முன் மருந்தின் பெயரையும் அளவையும் நீங்கள் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறீர்களே, எழுதிக்கொடுத்த மருத்துவர் மீது நம்பிக்கை இல்லாததாலா?

இருந்தாலும், கணவரிடம் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். யாரையும் கேட்காமல் நீங்களே தெரிந்துகொள்ளக்கூடியவை ஏராளமாக உள்ளன. அவற்றுக்குக் குறுக்கே நிற்பது அந்தக் கைபேசி எண் ஒன்றுதான். இன்று நம் பணம் தொடர்பான எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது ஓடிபி; அது யாருடைய கைபேசிக்கு வருகிறதோ அவர்தான் நடைமுறையில் கணக்கின் உரிமையாளர். ஆகவே முதலில் ஆதார் மையத்துக்குச் சென்று ஆதாரில் உங்கள் எண்ணைப் பதியுங்கள். பிறகு பாஸ்புக், ஆதார், பான் அட்டை ஆகியவற்றுடன் வங்கிக் கிளைக்குச் சென்று கணக்கிலும் அதே எண்ணை மாற்றித் தருமாறு எழுதிக் கொடுங்கள். இதை ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் சொல்லிவிட்டே போங்கள். ஏடிஎம் அட்டையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எண் மாறியதும், உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் என்று எல்லோரும் சொல்லும் நிறுவனம் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் அதில் இருக்கும். அதைப் பார்த்து மகிழவோ கலங்கவோ வேண்டாம். கீழே வரும் கடன் பட்டியலைத்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே அதில் நீங்கள் யார் என்று குறித்திருப்பார்கள்: தனிக் கடனாளியா, கூட்டுக் கடனாளியா, ஜாமீன்தாரரா.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்தப் பென்சில் குறிதான். கொழுந்தனாரின் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்பது உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128இன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. வாங்கியவர் மீது எல்லா வழிகளையும் முயன்று தோற்ற பிறகுதான் வங்கி உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. அவர் தவணை தவறினால் உங்கள் அறிக்கையிலும் அது பதிவாகி, நாளை மகளின் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு நீங்கள் போய் நிற்கும்போது எதிரே வரும். நம் குடும்பங்களில் பெண்களிடம் இத்தனை எளிதாகக் கேட்டு வாங்கப்படுவதும், இத்தனை குறைவாக விளக்கப்படுவதும் இந்தக் கையெழுத்தைப் போல வேறொன்றில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இனி எந்தப் படிவம் வந்தாலும் ஓரிரவு வீட்டில் வைத்திருந்து படித்து, எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். அவசரம் என்று சொல்லப்படும் படிவத்தை இன்னும் நிதானமாகப் படியுங்கள்.

கடன் அறிக்கை நீங்கள் கொடுக்க வேண்டியதைச் சொல்லும் என்றால், உங்கள் பெயரில் இருப்பதில் பெரும்பகுதியை வருமான வரித் துறையின் தளம் சொல்லும். பான் எண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்தால், ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் உங்கள் பெயரிலுள்ள வைப்புத்தொகைகளுக்கு வந்த வட்டி, மியூச்சுவல் ஃபண்டு வாங்கியது விற்றது எல்லாம் வங்கியின் பெயரோடு அல்லது நிறுவனத்தின் பெயரோடு இருக்கும். அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருங்கால வைப்பு நிதி. சம்பளச் சீட்டிலுள்ள யுஏஎன் என்ற உறுப்பினர் எண்ணைக் கொண்டு இருப்பைப் பார்க்கலாம். அதைவிட, நாமினி யார் என்று பாருங்கள். திருமணத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது அப்பாவையோ அம்மாவையோ நியமித்திருந்தால், திருமணத்தோடு அந்த நியமனம் செல்லாததாகிவிடும். புதிதாகப் பதிய வேண்டும். பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய காப்பீடும் இந்த நிதியோடு சேர்ந்தே இருக்கிறது. அதைப் பெறும்போதும் இந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, பிள்ளைகள் வீட்டில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த நோட்டோடு கணவரிடம் உட்காருங்கள். "என் பக்கம் இருப்பதை எழுதிவிட்டேன், உங்கள் பக்கத்தையும் சேர்த்து எழுதுவோம்" என்று சொல்லும்போது அது விசாரணையாக இராது. அவருடைய காப்பீட்டுப் பாலிசிகள், வங்கிக் கணக்குகள், வீட்டுக் கடனுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்பது, கொடுக்கல் வாங்கல், அசல் பத்திரம் இருக்குமிடம் எல்லாம் அந்த நோட்டில் ஏறட்டும். மகளுக்குச் செல்வமகள் கணக்கு இருந்தால், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாயாவது கட்டப்பட்டு வருகிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பொதுவாக நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்புடையவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவருடைய சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் சம பங்கு உண்டு. வீடு யாருக்குப் போக வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் ஒரு விருப்பம் இருக்குமானால், அதை இருவரும் தனித்தனியே உயிலாக எழுதி, தலா இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் அறிக்கை வந்ததும் அதில் ஜாமீன்தாரர் என்ற சொல் இருந்தால், கணக்கு எண்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். கடன் எந்த வகையைச் சேர்ந்தது, நிலுவை எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பதிலாக வேறொருவரை ஜாமீனாக ஏற்குமாறு வங்கியிடம் கேட்கும் கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.