மரச்சீனிக்கிழங்கும் சாளை மீனும் இருக்கும் ஊரில் எடை குறைக்கும் பவுடர் எதற்கு?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எடை குறைப்பது பற்றியவை. மார்த்தாண்டம் முதல் பாறசாலை வரை, தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து எழுதியிருக்கிறீர்கள். "கையில் காசு இல்லை, எப்படித் தொடங்க?" என்ற கவலை ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. இதற்குக் கூடுதலாகக் காசு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜவுளிக்கடையில் வேலை. வயது 34, உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பவுடர் வாங்கிக் குடிக்கச் சொல்கிறார்கள். சம்பளத்தில் கால்வாசி போய்விடும். வாங்கட்டுமா அக்கா? (களியக்காவிளை)

வாங்காதீங்க தங்கச்சி. ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அந்தப் பவுடரைக் குடிக்கச் சொல்வார்கள். சாப்பாடு குறைவதால்தான் எடை இறங்குகிறது. காசு தீர்ந்து பவுடர் நின்றதும் பழைய தட்டு திரும்பி வரும், பின்னாலேயே எடையும் வரும். அந்த மூவாயிரத்துக்கு மீனும் முட்டையும் பயறும் வாங்கினால் வீட்டில் எல்லாருக்கும் ஆகும்.

முதல் வாரம் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். கடையில் ஒரு நாளைக்கு எத்தனை சாயா குடிக்கிறீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். ஐந்து சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 50 கிராம், அதாவது 200 கலோரி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு சாயாவிலும் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். இரண்டு சாயாவைச் சீனி போடாத கட்டனாக (பால் சேர்க்காத சாயா) மாற்றினால் இன்னும் நல்லது. கூடவே கடிக்கிற பழம்பொரியை வாரத்துக்கு ஒன்றோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது வாரம் தட்டுக்கு வாருங்கள். பாதித் தட்டு தோரனோ (தேங்காய் சேர்த்த பொரியல்) கீரையோ, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ பருப்போ. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம்பருப்பை விட்டுவிடாதீர்கள். கொல்லையில் முருங்கை நின்றால் கீரைச் செலவும் இல்லை.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (BMI) உங்களுக்கு 32. நம் நாட்டவருக்கு 23-க்கு மேலேயே கவனம் வேண்டும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். பயமுறுத்தச் சொல்லவில்லை. முதல் இலக்காக நான்கே கிலோ வையுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். அந்த நான்கு கிலோ இறங்கும்போதே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொஞ்சம் நல்ல பக்கம் நகரும். தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பால்வெட்டுகிறேன். காலையில் மரச்சீனிக்கிழங்குதான் (மரவள்ளி) தின்பேன். தொப்பை விழுந்துவிட்டது. கிழங்கை அடியோடு விட்டு ஓட்ஸுக்கு மாறச் சொல்கிறார்கள். (குலசேகரம்)

ஓட்ஸ் கெட்டதல்ல அண்ணா, ஆனால் நீங்கள் கிழங்கை விட வேண்டாம். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் தவித்த நம் பாட்டன்மார் வயிற்றை நிறைத்ததும் அதுதான். அவர்களுக்கு அதனால் தொப்பை விழவில்லை. மண் வெட்டினார்கள், மலை ஏறினார்கள், தட்டில் வேறு எதுவும் அதிகம் இல்லை.

இப்போது என்ன நடக்கிறது? என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கிழங்கை நறுக்கி வேகவைத்து, வெந்த தண்ணீரை அப்படியே வடித்துக் கொட்டினார். அது மிகச் சரி. கிழங்கில் இயல்பாகவே இருக்கும் நச்சுப்பொருள் அந்தத் தண்ணீரோடு போகும். ஆனால் அரைத்த தேங்காயை அதில் கை நிறையப் போட்டுக் கிளறி, மேலே தேங்காயெண்ணெயைப் பாட்டிலோடு கவிழ்த்தார். ஒருவர் தட்டில் கிழங்கு மலைபோல் குவிந்திருந்தது, ஓரத்தில் சாளை (மத்தி மீன்) இரண்டே துண்டு. பதினொரு மணிக்கு அதே ஆளுக்குச் சோறும் போட்டார்கள்.

பச்சைக்கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரி இருக்கிறது, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. அதனால்தான் சீக்கிரமே மறுபடி பசிக்கிறது. அதே 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவுக்குப் புரதம். ஆகவே தட்டைத் திருப்பிப் போடுங்கள். கிழங்கு ஒரு கைப்பிடி, சாளைக் குழம்பு நாலைந்து மீனோடு, பக்கத்தில் பயறுத் தோரன். மீனைப் பொரிக்காமல் குழம்பாகவோ புளிமுளமாகவோ (கெட்டியான புளிக்கறி) வையுங்கள். கிழங்கு தின்ற வேளையில் சோறு வேண்டாம்.

எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் ஸ்பூனால் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நான் பார்த்த வரையில், தொப்பைக்குக் கிழங்கைவிடப் பெரிய காரணம் இந்தப் பாட்டில்தான்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் சிறுபயறு, முட்டை, கடலை என்று ஓட்டுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், அதைத் தினமும் வைக்க வேண்டாம்.

காணத்தை (கொள்ளு) ஊறவைத்த தண்ணீர் கொழுப்பைக் கரைக்குமா? (அருமனை)

கரைக்காது. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று முன்னோர் சொன்னது தின்பதற்கு. 100 கிராம் காணத்தில் 22 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் காணத்தைக் கோழிக்குப் போட்டால் லாபம் கோழிக்குத்தான். வேகவைத்துத் துவையலாகவோ ரசமாகவோ சேருங்கள்.

சம்பா (சிவப்பு) அரிசிச் சோறு எவ்வளவு தின்றாலும் எடை ஏறாதாமே? (பாறசாலை)

ஏறும். நார் கூடுதல், அதனால் வயிறு சீக்கிரம் நிறையும். மற்றபடி கலோரி வெள்ளைச் சோற்றுக்கு ஏறக்குறைய சமம்.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை மாத்திரை எடுக்கிறார்கள். எடை குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். (நித்திரவிளை)

மக்களே, இன்று ராத்திரியே அம்மாவைச் சாப்பிட வையுங்கள். சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கிவிடும். வியர்த்துக்கொட்டும், கை நடுங்கும், தூக்கத்திலேயே நினைவு தப்பவும் கூடும். எடை குறைக்கப் போவதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். உணவு குறையும்போது மருந்தின் அளவையும் அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். அதுவரை சின்னக் கிண்ணம் கஞ்சி, பயறு, காய்கறியோடு ஏழரை மணிக்குள் முடிக்கட்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும்கூடத் தாங்களாகப் பட்டினி தொடங்கக் கூடாது.

இங்கே நடக்க இடமில்லை, எப்போதும் மழை, ரோட்டில் நாய். முழங்காலும் வலிக்கிறது. வீட்டில் எடை மெஷினும் இல்லை. (பளுகல்)

வீட்டுத் திண்ணையிலும் ஹாலிலும் நடக்கலாம் அக்கா. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் செய்தாலே பெரியவர்களுக்குச் சொல்லப்படும் 150 நிமிடம் ஆகிவிடும். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச்சு நிற்கக் கூடாது, அந்த வேகம் போதும். முழங்காலுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. வலி கூடினாலோ வீக்கம் இருந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மெஷினுக்குப் பதிலாக ஒரு நூல்கண்டு போதும். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்டபின், தொப்புள் மட்டத்தில் நூலைச் சுற்றி, இறுக்காமல், முட்டும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். தையல்காரரிடம் ஒரு முறை டேப்பில் வைத்து அளந்துகொண்டால் போதும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் வயிற்றுக்கொழுப்பு கூடுதல் என்று பொருள். நூலை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். அடுத்த மாதம் அதே நாளில் அதே நூலைச் சுற்றி, எட்டும் இடத்தில் இரண்டாவது முடிச்சு போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.