பின்கண்ணாடி மாற்றப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

22 வருடமாகக் கார் கண்ணாடி மாட்டுகிறேன். கடைசிப் பத்து வருடத்தில் வந்தவை பெரும்பாலும் விலை உயர்ந்த செடான்கள். இன்று பின்கண்ணாடி மட்டும். முன்கண்ணாடி, கதவுக் கண்ணாடி எல்லாம் இன்னொரு நாள். சிலிக்கான் பசை போடலாமா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். கேட்டால் திட்டு விழும்.

இரவுவண்டி: நிறுத்தி வைத்திருந்த காரின் பின்கண்ணாடி தானாகவே நொறுங்கிவிட்டது. கல்லும் இல்லை, ஆளும் இல்லை. இப்படி நடக்குமா? புதுக் கண்ணாடி வரும்வரை என்ன செய்வது?

நடக்கும். பின்கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்கள். மேல்தோல் இறுகி அழுத்தத்தில் நிற்கும், உள்பகுதி இழுவிசையில் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்வரை நல்ல பலம். ஓரத்தில் எப்போதோ பட்ட சின்னக் கொத்து ஒரு நாள் அந்த இறுக்கத்தைத் தாண்டி உள்ளே போனால், அந்த நொடியில் மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். வெயிலில் காய்ந்த கார் இரவில் குளிரும்போது இப்படி ஆனதை நானே பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் சிக்கியிருந்தாலும் ஆகும், ஆனால் காரில் நான் கண்டதெல்லாம் ஓரத்துக் கொத்துதான்.

இப்போதைக்குக் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை மூடி, பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் ஒட்டுங்கள். பெயின்டின் மேல் பார்சல் டேப் வேண்டாம். வண்டியை ஓட்டாமல் இருப்பது நல்லது. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறையும், சைலன்சர் புகை அந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

துகளை ஏர் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். பார்சல் ட்ரேயில் இருக்கும் ஸ்பீக்கருக்குள்ளும், பின்சீட் பெல்ட் சுருளுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். வேக்குவம் போடுங்கள், பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்து வைத்து. தானாக ஏறும் பின்திரை இருந்தால் சுவிட்சைத் தொடவே வேண்டாம். அதன் தடத்தில் ஒரு துகள் இருந்தாலும் துணி கிழியும், மோட்டார் மாட்டிக்கொள்ளும்.

முதல்கார்: பின்கண்ணாடியில் நகம் அளவுக்கு ஒரு கொத்து. ரெசின் ஊற்றிச் சரி செய்யலாமா?

முடியாது. ரெசின் வேலை லேமினேட் கண்ணாடிக்கு, அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருக்கும் முன்கண்ணாடிக்கு. டெம்பர்டில் கொத்து விழுந்தால் அது நிற்கும்வரை நிற்கும்.

தானேசெய்வேன்: வீட்டிலேயே மாட்டலாம் என்று இருக்கிறேன். வேலை எப்படிப் போகும் என்று வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். சி பில்லர், அதாவது பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூண், அதன் உறைக்குப் பின்னால் பக்கவாட்டு ஏர்பேக் சுருண்டு கிடக்கும். கழற்றிச் சில நிமிடம் பொறுத்துத்தான் உறையைத் தொட வேண்டும். உறை கிளிப்புகள் உடையும், புது கிளிப் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். டிஃபாகர் ஒயர் (கண்ணாடியில் படியும் பனியைச் சூடேற்றி நீக்கும் கோடுகளுக்குப் போவது), ஆண்டெனா ஒயர், சில கார்களில் மேலே இருக்கும் பிரேக் லைட், எல்லாவற்றையும் பிரிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. கண்ணாடி போன பிறகும் அது உட்கார்ந்திருந்த பாடித் தகட்டைச் சுற்றிக் கறுப்பு யூரித்தேன் பசை தடிமனாக நிற்கும். புதிதாக வருகிற பையன்கள் அதை முழுதும் சுரண்டி, தகடு பளபளக்கும்வரை கொண்டுவந்து காட்டுவார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. கம்பெனியில் ஒட்டிய அந்தப் பசை பெயின்டை எந்தப் பிடி பிடித்திருக்கிறதோ, அந்தப் பிடியை நம்மால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதை 1 அல்லது 2 மில்லிமீட்டர் விட்டு, மேலே மட்டும் கத்தியால் தோல் சீவுவது மாதிரி சமமாகச் சீவ வேண்டும். சீவிய இடம் புதுசாக, பளபளப்பு இல்லாமல், ரப்பர் வாசனையோடு இருக்கும். அதன் மேல் விரலை வைக்காதீர்கள், விரலின் எண்ணெய் போதும் கெடுக்க. புதுப் பசை பழைய பசையைத்தான் பிடிக்கும்.

கத்தி வழுக்கித் தகட்டில் கீறல் விழுந்தால் அந்த இடத்துக்குப் பிரைமர். விட்டால் துரு. அது வெளியே தெரியாது, கண்ணாடிக்கு அடியிலேயே ஓடும். அடுத்த முறை கண்ணாடி மாற்ற வரும்போது தகடு இருக்காது.

கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை உண்டு. அது அழகுக்கு மட்டும் இல்லை, பசையை வெயிலிலிருந்து காக்கிறது. அந்தப் பட்டையைச் சுத்தம் செய்து, பசை பிடிக்க உதவும் ஆக்டிவேட்டர், பிரைமர் இரண்டையும் அந்தப் பசைக்கு ஏற்றதாகப் பூசி, டப்பாவில் போட்ட நேரம் காய விட வேண்டும். பசை வைக்கும் முன் கண்ணாடியை ஒருமுறை சும்மா உட்கார வைத்துப் பாருங்கள். இருபுறமும் இடைவெளி சமமாக வந்ததும், கண்ணாடியிலிருந்து கூரை வரை குறுக்கே டேப் ஒட்டி, நடுவில் வெட்டி விடுங்கள். பசையோடு இறக்கும்போது இரண்டு டேப்பும் நேருக்கு நேர் வந்தால் சரி.

பசைக் குழாயின் மூக்கை வி வடிவில் வெட்டுங்கள். முக்கோணமாக, நின்று வரும். எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டம். பின்கண்ணாடி வளைவு அதிகம், கனமும் அதிகம், இரண்டு பேரும் இரண்டு சக்‌ஷன் கப்பும் கட்டாயம். ஒருமுறை வைத்த பிறகு தூக்கி மறுபடி வைத்தால் பசைக் கோட்டில் காற்று இடம்பிடிக்கும், மழையில் அந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

இதைப் படித்த பிறகும் தைரியம் இருந்தால் செய்யுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவசரக்காரர்: மாட்டிய பிறகு எவ்வளவு நேரத்தில் ஓட்டலாம்?

பசைக் குழாயில் அச்சடித்திருக்கும். ஒரு மணி நேரப் பசையும் உண்டு, ஒரு ராத்திரி கேட்கும் பசையும் உண்டு. யூரித்தேன் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். அதனால் குளிரிலும் வறண்ட காற்றிலும் நேரம் கூடும். முதல் நாள் ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடிய காரில் கதவைப் படாரென்று சாத்தினால் உள்காற்று பின்கண்ணாடியைத்தான் தள்ளும். காலாவதி தேதியையும் பாருங்கள். பழைய குழாய்ப் பசை ஒட்டினது மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது.

மூன்றுகோடு: டிஃபாகரில் மூன்று கோடு மட்டும் வேலை செய்யவில்லை. கண்ணாடியே மாற்றச் சொல்கிறார்கள்.

வேண்டாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பாடியில் வையுங்கள். இன்னொரு முனையில் அலுமினியத் தாள் சுற்றிக் கோட்டின் மேல் நகர்த்துங்கள். நல்ல கோட்டில் நடுவே 6 வோல்ட் அளவுக்குக் காட்டும். அறுந்த கோட்டில் 12 பக்கமாக நின்று, ஓரிடத்தில் சட்டென்று சைபர் ஆகும். அங்கேதான் அறுந்திருக்கிறது. மேலும் கீழும் டேப் ஒட்டி வெள்ளி கலந்த கடத்தும் பெயின்ட் ஒரு பூச்சு. மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கோடு என்றால், யாரோ பழைய சன் ஃபிலிமை பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள்.

மழைநாள்: டிக்கியில் தண்ணீர் வருகிறது. வெளியே சிலிக்கான் இழுத்துவிட்டால் நின்றுவிடுமா?

சொன்னேன் இல்லையா.

நிற்காது. மேலே அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். புளிப்பு வாசனை வருகிற சிலிக்கான் வெளியிடுவது வினிகரில் இருக்கும் அதே அமிலம், தகட்டை அரிக்கும். அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு யூரித்தேன் ஒட்டாது. எவ்வளவு துடைத்தாலும் ஒரு படலம் நிற்கும். அப்படி வந்த ஒரு காரில் கண்ணாடி மாட்ட ஒரு மணி நேரம், சிலிக்கானை எடுக்க ஒரு பகல் முழுதும் போனது.

ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் தண்ணீரை மெதுவாகக் கண்ணாடியின் அடி ஓரத்தில் ஆரம்பித்து மேலே வரட்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே நுழைகிறது என்றே தெரியாது. ஸ்டெப்னி குழியை இன்றே பாருங்கள். இந்த ரகக் கார்கள் பலவற்றில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபையரும் டிக்கியில்தான் இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை: லோகோ போட்ட கண்ணாடி, போடாத கண்ணாடி இரண்டும் ஒரே தொழிற்சாலையில் வருவதுதான். ஸ்டிக்கருக்குக் காசு எதற்கு? நான் லோகோ இல்லாததை ஆர்டர் போட்டுவிட்டேன்.

பாதி சரி. செயின்ட் கோபெய்ன் செக்யூரிட், பில்கிங்டன், ஏஜிசி, ஃபுயாவ் எல்லாம் கார் கம்பெனிக்கும் தருகிறார்கள், வெளிச் சந்தைக்கும் தருகிறார்கள். கண்ணாடியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் வாங்குவது கண்ணாடியை மட்டும் இல்லை, அதன் மேல் அச்சடித்திருப்பதையும்.

கணக்குப்பிள்ளை: வட்டத்துக்குள் ஈ1 என்று போட்டிருக்கிறது. ஜெர்மன் கண்ணாடி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஈ1 என்றால் ஜெர்மனியில் அங்கீகாரம் வாங்கியது என்று அர்த்தம். 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. எங்கே தயாரித்தார்கள் என்று அது சொல்லாது.

கணக்குப்பிள்ளை: சரி, அச்சில் என்ன இருக்கிறது? டிஃபாகர் கோடுதானே?

ஒரே மாடலுக்கு நாலைந்து வகைப் பின்கண்ணாடி இருக்கும். பின்திரை உள்ளது, இல்லாதது. கறுப்பு நிறம், சாதா நிறம். சிலவற்றில் லேமினேட். பிரேக் லைட்டுக்கு ஜன்னல் விட்டது, விடாதது. எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டெனா.

கணக்குப்பிள்ளை: ஆண்டெனா கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி நிற்கிறதே.

பல செடான்களில் அந்தத் துடுப்பு ஜிபிஎஸ்ஸுக்கும் போனுக்கும். ரேடியோ ஆண்டெனா பின்கண்ணாடியில் கோடாக இருக்கும். டிஃபாகர் கோடுகளுக்கு மேலே, வேறு மாதிரி வளைந்து போகிற மெல்லிய கோடு தெரிகிறதா பாருங்கள்.

பாட்டுப்பிரியர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மாற்றிய பிறகு எஃப்எம் இரைகிறது. மாட்டியவர் ரேடியோ கோளாறு என்கிறார்.

ரேடியோவைக் கழற்ற விடாதீர்கள். பில்லர் உறைக்குப் பின்னால் சின்ன ஆம்ப்ளிஃபையர் பெட்டி இருக்கும், அதன் ஒயர் மாட்டியிருக்கிறதா முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

கணக்குப்பிள்ளை: அது மாட்டியவர் தவறு, கண்ணாடியின் தவறு இல்லை. நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

என் கதையையே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். லோகோ இல்லாத கண்ணாடி, அளவு அச்சு அசலாகப் பொருந்தியது. ஒயர் மாட்டப் போனால் காரில் நாலு ஒயர், கண்ணாடியில் இரண்டு முனை. டிஃபாகர் வேலை செய்கிறது, போதும் என்று மிச்ச இரண்டையும் டேப் சுற்றி உள்ளே தள்ளினேன். மறுநாளே வந்துவிட்டார். ரேடியோவும் இல்லை, அவர் காரில் ரிமோட் பூட்டுக்கும் அதே வழியில்தான் சிக்னல், அதுவும் பக்கத்தில் போனால்தான் திறக்கிறது. நல்ல கண்ணாடியை அறுத்தெடுத்து என் செலவில் வேறு போட்டேன். அன்றிலிருந்து முனையை எண்ணாமல் பெட்டியைப் பிரிப்பதில்லை. பயமுறுத்தல் என்றால் அப்படியே இருக்கட்டும்.

பழையபென்ஸ்: என்னுடையது டபிள்யூ123, பழைய மெர்சிடிஸ் பென்ஸ் மாடல். ரப்பர் பீடிங் போட்ட பின்கண்ணாடி. இதற்கும் யூரித்தேனா?

ஆகா, இப்போதுதான் நல்ல கேள்வி.

இல்லை. உங்களுடையது பசை இல்லாத காலத்து வேலை. ரப்பர் பீடிங்கின் ஒரு பள்ளத்தில் கண்ணாடி உட்காரும், இன்னொரு பள்ளம் தகட்டைக் கவ்வும், பளபளக்கும் பட்டி மேலே செருகியிருக்கும். புது ரப்பர் வாங்குங்கள், பழையது சுருங்கியிருக்கும். கண்ணாடியைப் படுக்க வைத்து ரப்பரை மாட்டி, தகட்டைக் கவ்வும் பள்ளத்தில் வழுவழுப்பான கயிற்றைச் சுற்றிலும் புதைத்து, இரண்டு நுனியையும் கீழே நடுவில் தொங்க விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாக. வெளியே ஒருவர் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே மடிந்து விழும். சுற்றி வரும்போது 'பொளக், பொளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். யூரித்தேன் வேலையில் அந்தச் சுகம் இல்லை.

ஆனால் கண்ணாடியை எடுத்ததும் கீழ் மூலைகளைப் பாருங்கள். இந்த மாடலில் துரு பிடிக்கிற இடமே அதுதான். ஓட்டை இருந்தால் டிங்கரிங் முடித்து, பெயின்ட் காய்ந்த பிறகுதான் ரப்பர்.

புதியவர்: பின்கண்ணாடியில் சின்ன விரிசல், ரெசின் போடலாமா?

மேலே பதில் இருக்கிறது.

நேர்கோடு: மாற்றிய பிறகு கேமராவை அளவு சரி செய்ய வேண்டுமா?

லேன் பார்க்கும் கேமரா முன்கண்ணாடியில் இருக்கிறது. அது வேறு கேள்வி, வேறு நாள்.

பாலிசி: இன்ஷூரன்ஸில் கிடைக்குமா?

உங்கள் பாலிசிக்குத்தான் தெரியும்.

நிழல்: புதுக் கண்ணாடிக்கு உடனே சன் ஃபிலிம் ஒட்டலாமா?

பசை நன்றாக இறுகட்டும், ஃபிலிம்காரர் கண்ணாடியை உள்ளிருந்து அழுத்தித் தேய்ப்பார். உலோகம் கலந்த ஃபிலிம் வேண்டாம், ஆண்டெனா செத்துவிடும்.

இன்னொருமுதல்கார்: பின்கண்ணாடியில் ஒரு கோடு, ரெசின்...

இல்லை. ரெசின் இல்லை. டெம்பர்டில் விரிசல் என்று ஒன்று நிற்காது. நிற்கிறது என்றால் அது வெறும் கீறல், இல்லை உங்களுடையது லேமினேட். மூலையில் இருக்கும் அச்சைப் படியுங்கள்.

சிக்கனம்: யூரித்தேன் கிடைக்கவில்லை, நல்ல தரமான சிலிக்கான்...

அடுத்தவர்.

கணக்குப்பிள்ளை: ஐயா, பில்லர் உறையைக் கழற்றிப் பார்த்தேன். காரில் நாலு ஒயர். பெட்டியில் வந்திருக்கும் கண்ணாடியில் இரண்டு முனைதான்.

சேசிஸ் நம்பர் சொல்லி மாற்றிக் கேளுங்கள். பசை படாதவரை எடுத்துக்கொள்வார்கள், இன்றே பேசுங்கள். திருப்பி அனுப்பும்போது நாலு மூலைக்கும் தடித்த அட்டை வையுங்கள், படுக்கப் போடாதீர்கள், நிறுத்தியே அனுப்புங்கள். அப்புறம் அந்த உறையின் கிளிப் எத்தனை உடைந்தது?

கணக்குப்பிள்ளை: மூன்று.